பேரம் பேசலாம், பேச்சு மாறலாமா?

என் சித்தியோடு ஒரே ஒரு தடவை ரங்கநாதன் தெருவுக்குப் போய் வந்தால் போதும், பேரம் பேசுவது எப்படி என்று வேறு யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைக்காரர் 600 என்பார். சித்தி 250 என்பார். கூட நிற்கிற எனக்குத்தான் கூச்சமாக இருக்கும். அவர்கள் இருவருக்கும் எந்தக் கூச்சமும் கிடையாது. கடைசியில் 350-க்கு முடித்துவிட்டு, "அடுத்த தடவை வாங்கம்மா" என்று அவரே வழியனுப்பி வைப்பார்.

சித்தியின் சூத்திரம் ரொம்ப எளிது. "சொல்ற விலையில பாதியைக் கேளு. அவன் சிரிச்சா நீயும் சிரி. அப்புறம் பத்து அடி நட. கூப்பிட்டா உனக்கு லாபம், கூப்பிடலேன்னா அதுதான் விலை."

இந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்துகொண்டு, 2025 மே மாத லீவில் சித்தப்பா குடும்பத்தோடு பாங்காக் போனேன். டிக்கெட் செலவு சித்தப்பாவுடையது. நான் பெட்டி தூக்கும் வேலைக்கு (சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு). அங்கே நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. செய்யும்போது சாமர்த்தியம் என்று நினைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து வேறு மாதிரி தெரிந்தது.

நாங்கள் தங்கியது பிரதுநாம் பகுதியில். பிரதுநாம் என்றால் அவர்கள் மொழியில் நீர்க்கதவு, அதாவது மதகு. பக்கத்தில் ஓடும் சேன்சேப் கால்வாயின் மதகால் வந்த பெயர். 80 மாடிகளுக்கு மேல் உயர்ந்து நிற்கும் பையோக் கோபுரத்தின் காலடியில், சந்து சந்தாக எங்கே பார்த்தாலும் துணி. சட்டை, கவுன், குழந்தைகள் உடுப்பு, யானைப் படம் போட்ட தொளதொள பேன்ட். இது முக்கியமாக மொத்த வியாபாரம் நடக்கும் இடம். ஒன்று எடுத்தால் ஒரு விலை, மூன்று எடுத்தால் வேறு விலை, டஜன் எடுத்தால் இன்னொரு விலை. காலையிலேயே மூட்டை மூட்டையாகத் துணி கட்டிக்கொண்டு வெளியூர் வியாபாரிகள் கிளம்பிவிடுகிறார்கள். நம்ம ஊர்க்காரர்களும் நிறையப் பேர் தங்குகிற பகுதி என்பதால் இட்லி தோசைக்கும் பஞ்சமில்லை.

இரண்டாம் நாள் காலை, மற்றவர்கள் எழுந்து கிளம்புவதற்குள் ஒரு ரவுண்டு போய் வரலாம் என்று தனியாக இறங்கினேன். கையில் மூன்று தாய் வார்த்தைகள் இருந்தன (தாய்மொழி இல்லைங்க, தாய்லாந்து மொழி). "தாவ் ராய்" என்றால் எவ்வளவு. "பேங்" என்றால் விலை அதிகம். "லொட் தாய் மாய்" என்றால் குறைக்க முடியுமா. கடைசியில் மரியாதைக்கு ஆண்கள் "க்ராப்" சேர்க்க வேண்டும், பெண்கள் "கா" சேர்க்க வேண்டும். இவ்வளவுதான் என் மூலதனம்.

கடைகள் அப்போதுதான் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. ஒரு சந்தின் முனையில் ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மா, பிளாஸ்டிக் உறையிலிருந்து சட்டைகளைப் பிரித்து ஹேங்கரில் மாட்டிக்கொண்டிருந்தார். அதில் பூப்போட்ட அரைக்கை சட்டை ஒன்று. நீலத்தில் வெள்ளைப் பூ. எனக்குப் பிடித்துவிட்டது.

"தாவ் ராய் க்ராப்?"

அவர் கால்குலேட்டரை எடுத்து 250 என்று தட்டிக் காட்டினார். அந்தச் சந்தையில் எல்லோருக்கும் பொதுவான மொழி கால்குலேட்டர்தான். நான் வாங்கி 120 என்று தட்டினேன். சிரித்தார். சூத்திரப்படி நானும் சிரித்தேன். 220 என்றார். 130 என்றேன். 200 என்றார். "பேங்!" என்றேன், என் உச்சரிப்பைக் கேட்டு இன்னொரு தடவை சிரித்தார். நான் நடக்க ஆரம்பித்தேன். பத்து அடி கூடப் போகவில்லை, கூப்பிட்டார். 180. நான் கடைசியாக 140 என்று தட்டி, விரலை ஆட்டி, இதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்பது போல நின்றேன்.

அவர் ஒரு நிமிஷம் சட்டையைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், "ஓகே ஓகே" என்று சொல்லி ஹேங்கரிலிருந்து எடுத்து மடித்துப் பையில் போட ஆரம்பித்துவிட்டார்.

அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. 250 சொன்னவர் 140-க்கு ஒத்துக்கொண்டால் இதன் அசல் விலை 100 கூட இருக்காது போலிருக்கிறதே? அடுத்த கடையில் 100-க்குக் கேட்டுப் பார்க்கலாமே? "லேட்டர், லேட்டர்" என்று சொல்லிக் கையை ஆட்டிவிட்டு நடையைக் கட்டினேன்.

அவர் திட்டவில்லை. கூப்பிடவும் இல்லை. திரும்பிப் பார்த்தபோது, பையிலிருந்து சட்டையை எடுத்து உதறி மறுபடியும் ஹேங்கரில் மாட்டிக்கொண்டிருந்தார்.

நாலு கடை தள்ளி இன்னொரு காட்சி. யாரோ குழந்தைக்கு ஒரு கவுன் வாங்கிக்கொண்டு போனார்கள். கடைக்காரப் பெண் அந்த நோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, கடையில் இருந்த துணிகளின் மேலெல்லாம் தட்டு தட்டென்று தட்டினார். "ஹெங் ஹெங்" என்று ஏதோ சொல்லிக்கொண்டே ஒரு அடுக்கு விடாமல் தட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஈ விரட்டுகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன் (உண்மையாகத்தான்).

ஹோட்டலுக்குத் திரும்பிக் காலைச் சாப்பாட்டில் இரண்டு கதையையும் சொன்னேன். முதல் கதையைப் பெருமையாக, இரண்டாவதை வேடிக்கையாக. சித்தி இரண்டாவதைக் கேட்டதுமே, "அட, போணி பண்ணியிருக்காடா அவ!" என்றார். தாய் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது அவருக்கு. ஆனால் பார்த்த மாதிரி சொல்லிவிட்டார்.

பிறகு ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அதுவேதான். அன்றைய முதல் விற்பனையில் வந்த நோட்டைச் சரக்கின் மேல் தட்டினால் நாள் முழுக்க வியாபாரம் நன்றாக இருக்கும் என்பது அங்கே வழக்கம். "ஹெங்" என்றால் அதிர்ஷ்டம், அங்கே குடியேறிய சீன வியாபாரிகள் கொண்டுவந்த சொல். நம்ம ஊரில் முதல் போணிக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போடுவார்களே, அதே சமாச்சாரம்.

சித்தி அதோடு விடவில்லை. "நீ சட்டை கேட்டப்போ அந்தம்மா கடை திறந்து எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

"அப்பதான் எடுத்து மாட்டிக்கிட்டிருந்தாங்க."

"வேற யாராவது வாங்கினாங்களா?"

"இல்ல."

சித்தி கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்தார். "முதல் போணி நேரத்துல விலை பேசி முடிச்சிட்டு வாங்காம வந்தியா? நான் அரை விலைக்குக் கேளுன்னுதான் சொன்னேன். ஒத்துக்கிட்ட பின்னால ஓடி வான்னு சொன்னேனா? கேட்ட விலைக்குக் கொடுத்தா வாங்கணும்டா. இல்லேன்னா கேட்கவே கூடாது."

சாயந்தரம் சித்தி என்னை இழுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனார். நீலச் சட்டை அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு, சித்தப்பாவுக்கு, ஊரில் இருக்கும் அப்பாவுக்கு என்று மூன்று சட்டை எடுத்தோம். மூன்று எடுத்தால் மொத்த விலை, ஒன்று 150 பாத் என்று தட்டிக் காட்டினார். சித்தி அதிசயமாக மறுபேச்சு பேசாமல் 450-ஐ எண்ணிக் கொடுத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மொத்த விலையே 150 என்றால், காலையில் ஒற்றைச் சட்டையை 140-க்குக் கொடுக்க அவர் ஒத்துக்கொண்டது சட்டை மட்டமானது என்பதால் இல்லை. கையில் ஒரு நோட்டு வந்து அதைச் சரக்கின் மேல் தட்டிவிட்டு நாளைத் தொடங்கலாம் என்பதற்காகத் தன் மொத்த விலையிலும் பத்து பாத் விட்டுக்கொடுத்திருக்கிறார். அதை நான் சந்தேகப்பட்டு விட்டுவிட்டு வந்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. தெரிந்தும் காட்டிக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன். சட்டையைச் சாயந்தரம் வாங்கிவிட்டோம். காலைப் போணியைச் சாயந்தரம் கொடுக்க முடியாதே.

சரி, கதை முடிந்தது. இனி என் கருத்து.

வெளிநாட்டுத் தெருக்கடையில் பேரம் பேசுவதைப் பற்றி நம்மிடம் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒரு கட்சி, "ஏழை வியாபாரியிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறாயே, பெரிய மாலில் பேசுவாயா?" என்று கேட்கும். இன்னொரு கட்சி, "வெளிநாட்டான் என்றால் மூன்று மடங்கு சொல்லுவான், அடித்துப் பேசு" என்று யூடியூபில் வீடியோ போடும். கேமராவைக் கடைக்காரர் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு, 500 சொன்னதை 100-க்குக் கேட்டு, அவர் கோபப்படுவதையும் சேர்த்துப் படம் பிடித்து லைக் வாங்குகிறார்கள். இரண்டு கட்சியோடும் எனக்கு உடன்பாடில்லை.

முதல் கட்சிக்கு என் பதில்: மாலில் பேரம் பேசாததற்குக் காரணம் மால்காரர் மேல் உள்ள மரியாதை இல்லை. அங்கே நிற்கிற பையனுக்கு விலையைக் குறைக்க அதிகாரம் இல்லை, அவ்வளவுதான். விலைச்சீட்டு ஒட்டி ஒரே விலைக்கு விற்பது உலகம் தோன்றிய நாளிலிருந்து இருக்கிற வழக்கமும் இல்லை. பாரீஸில் போன் மார்ஷே கடை 1850-களில் பெரிய அளவில் அப்படி விற்று அதைப் பிரபலமாக்கியது. அத்தனை விற்பனையாளர்களையும் தனித்தனியாகப் பேரம் பேச விட முதலாளியால் முடியாதே! தெருக்கடை அம்மா அப்படி இல்லை. அவரே முதலாளி. எவ்வளவு விடலாம், எங்கே நிறுத்தலாம் என்று முடிவு செய்கிறவர் அவர். அவரிடம் பேரம் பேசுவது அவரை வியாபாரியாக மதிப்பது. பரிதாபப்பட்டுச் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருவது சில சமயம் தானம் போட்ட மாதிரி ஆகிவிடும். அவர் தானம் கேட்கவில்லை, சட்டை விற்கிறார்.

இரண்டாம் கட்சிக்கு: வெளிநாட்டவருக்கு விலை கூடச் சொல்வது தெருவில் மட்டும் நடக்கிற மோசடி என்று நினைக்காதீர்கள். பாங்காக்கின் பெரிய அரண்மனைக்குள் போக வெளிநாட்டவருக்கு 500 பாத், அந்த ஊர்க்காரர்களுக்கு இலவசம். நாம் மட்டும் என்னவாம்? மாமல்லபுரத்தில் நமக்கு 40 ரூபாய் டிக்கெட், வெள்ளைக்காரருக்கு 600 ரூபாய். அரசாங்கமே போர்டு வைத்துச் செய்வதைத் தெருக்கடை அம்மா கால்குலேட்டரில் செய்கிறார். அரண்மனை டிக்கெட்டில் பேரம் கிடையாது, இவரிடம் உண்டு. அந்த வகையில் இவர் பரவாயில்லை.

அப்படியானால் பேரத்தில் எதுதான் தப்பு?

க்ளிஃபோர்ட் கீர்ட்ஸ் என்று ஓர் அமெரிக்க மானுடவியலாளர். மொராக்கோவில் செஃப்ரூ என்ற ஊரின் சந்தையை ஆராய்ந்து 1978-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொல்வதன் சாரம்: இந்த மாதிரிச் சந்தையில் உண்மையில் தட்டுப்பாடாக இருப்பது தகவல். எது தரமான சரக்கு, எது நியாயமான விலை என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள அவனிடம் இருக்கிற வழிகளில் ஒன்று பேரம். இன்னொன்று, அடிக்கடி ஒரே ஆளிடம் போய் வாங்குவது. இந்த இரண்டாவதற்கு அவர் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு சொல் வைத்திருக்கிறார். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. வாடிக்கை என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

யோசித்துப் பாருங்கள். ரங்கநாதன் தெருவில் சித்தி எவ்வளவு அடித்துப் பேசினாலும் அங்கே வாடிக்கை என்ற ஒன்று இருக்கிறது. இன்று ஏமாற்றினால் நாளை சித்தி வரமாட்டார். இன்று சித்தி வம்பு செய்தால் அடுத்த தீபாவளிக்கு அந்தக் கடைக்காரர் நல்ல சரக்கை எடுத்துக் காட்டமாட்டார். இரண்டு பேரையும் ஒழுங்காக நடக்க வைப்பது அந்த நாளைதான்.

சுற்றுலாப் பயணிக்கு நாளை கிடையாது. நான் அந்த அம்மாவை மறுபடியும் பார்க்கப் போவதில்லை. நான் பேச்சு மாறினால் அவரால் என்னை ஒன்றும் செய்ய முடியாது. திட்டினாலும் எனக்குப் புரியாது! அப்படி இருக்கும்போது, அந்த ஐந்து நிமிஷத்தில் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த ஒரே பிடிமானம் நான் கால்குலேட்டரில் தட்டிய எண்தான். 140 என்று தட்டியதற்கு, "140 என்றால் வாங்கிக்கொள்கிறேன்" என்று அர்த்தம். அவர் அதை நம்பித்தான் சட்டையை மடித்தார். நான் குறைத்துக் கேட்டது தப்பே இல்லை. கேட்டது கிடைத்ததும் பின்வாங்கினேன் பாருங்கள், அதுதான் தப்பு.

இதில் காசு விஷயமும் இருக்கிறது. பாங்காக்கில் 2025 ஜூலையில் குறைந்தபட்ச தினக்கூலியை 400 பாத் ஆக்கினார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால், நான் இன்னும் பிடுங்க நினைத்த 40 பாத் அங்கே ஒருவருடைய ஒரு நாள் கூலியில் பத்தில் ஒரு பங்கு. எனக்கு அது நம்ம ஊர்க் கணக்கில் நூறு ரூபாய் சொச்சம். அதற்காக நான் பட்டினி கிடக்கப் போவதில்லை. நான் ஓடியது அந்த நூறு ரூபாய்க்காக இல்லை, ஏமாந்துவிட்டோமோ என்ற பயத்துக்காக. வெளிநாட்டில் பேரம் பேசும்போது நமக்குள் பாதி நேரம் பேசுவது இந்தப் பயம்தான் என்று தோன்றுகிறது.

ஆகவே, அடுத்த முறைக்கு எனக்கு நானே வைத்துக்கொண்ட விதிகள். உங்களுக்கும் பயன்பட்டால் சந்தோஷம்.

1. வாங்கும் எண்ணம் இல்லாவிட்டால் விலை கேட்கலாம், நான் இவ்வளவு தருகிறேன் என்று மட்டும் சொல்லக்கூடாது.

2. வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்கு இது எவ்வளவு பெறும் என்று மனசுக்குள் முடிவு செய்துவிட வேண்டும். அந்த விலைக்குள் கிடைத்தால் வாங்க வேண்டும். அடுத்த கடையில் இருபது பாத் குறைவாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

3. அலசிப் பார்க்க ஆசை என்றால் முதலில் நாலு கடை சும்மா சுற்றி விலை விசாரித்துவிட்டுப் பிறகு பேரத்துக்கு உட்கார வேண்டும். நான் செய்தது போல பேரம் முடிந்த பிறகு அலசக்கூடாது.

4. குறைக்க வேண்டும் என்றால் எண்ணிக்கையைக் கூட்டுவது மரியாதையான வழி. பிரதுநாம் மாதிரி மொத்தச் சந்தையில் மூன்று எடுத்தால் அவர்களே குறைக்கிறார்கள். இரண்டு பேருக்கும் லாபம்.

5. கடை திறக்கும் நேரத்தில் போனால், நாம்தான் முதல் போணி என்று நினைத்துக்கொள்ள வேண்டும். குறைத்துக் கொடுப்பார்கள், உண்மை. ஆனால் கொடுத்தால் வாங்கியே ஆக வேண்டும்.

இதில் எதுவும் புதிது இல்லை. எல்லாம் சித்திக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். அவர் எனக்குப் பாதிக்குக் கேட்கவும் பத்து அடி நடக்கவும் சொல்லிக்கொடுத்தார். கூப்பிட்டால் திரும்பி வந்து வாங்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அதையெல்லாம் சொல்லித்தர வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நான் சூத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பாங்காக் போய்விட்டேன்.

அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு காலேஜ் போனால் இப்போதும் யாராவது விலை கேட்கிறார்கள். 150 பாத் என்கிறேன். "ஏமாந்துட்டியேடா, பேசியிருந்தா இன்னும் குறைச்சிருப்பாங்க" என்கிறார்கள்.

குறைத்தார்கள். நான்தான் வாங்கவில்லை.